பத்தாயிரத்து எண்ணூற்று முப்பத்து மூன்று ஹவர்

விளம்பரத்தை எழுதியது நான்தான். "ஜேசிபி 3டிஎக்ஸ், 2015 மாடல், சிங்கிள் ஓனர், டிஎன் 23 நம்பர், காட்பாடியில் பார்க்கலாம், விலை ஒன்பதே முக்கால் லட்சம், நேரில் பேசலாம்." கீழே என் போன் நம்பர். தம்பி நம்பரைப் போட்டிருக்கலாம். ஆனால் வண்டியில் உட்கார்ந்துவிட்டால் அவனுக்குப் போன் சத்தம் கேட்காது, கேட்டாலும் எடுக்க மாட்டான். அதனால் மூன்று வாரம் ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டே, பக்கெட் பல் எப்படி, மூட்டில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் எப்படி என்ற கேள்விகளுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி எடுத்த வருஷம் எங்கள் தெருவில் ஆறே வீடு. மீதியெல்லாம் கல் நட்ட மனை, சீமைக்கருவேல முள். முள்ளைப் பிடுங்கியது, ரோட்டுக்கு மொரம்பு தள்ளியது, பாதி வீடுகளுக்குக் கடக்கால் எடுத்தது, செப்டிக் டேங்க் குழி தோண்டியது எல்லாம் இந்த வண்டிதான். இப்போது நாற்பத்தோரு வீடு. காலி மனை இரண்டு. அதில் ஒன்றில்தான் வண்டி நின்றுகொண்டிருந்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் எதிர் வீட்டு டீச்சர் மாடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறார். ஆவணியில் பூமி பூஜை, ஆடிக்குள் காலி பண்ணிக் கொடுங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார். கடக்கால் வேலை நமக்குத்தானே என்று தம்பி கேட்டான். ரெண்டு பக்கமும் வீடு வந்துடுச்சு, உங்க வண்டி திரும்ப இடம் பத்தாது, குட்டி ஹிட்டாச்சி சொல்லிட்டேன் என்றார். அன்று ராத்திரி தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. விற்றுவிடலாம் என்று அவன் முதல்முறை சொன்னது மறுநாள்தான்.

போன் செய்தவர்களில் வயதானவர்கள் எல்லாரும் "பொக்லைன் இருக்குதாம்மா?" என்றே கேட்டார்கள். பேப்பரிலும் அப்படித்தான் போடுகிறார்கள். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். ஜேசிபி என்பது 1945ல் இங்கிலாந்தில் கம்பெனி ஆரம்பித்த ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் முதலெழுத்துகள். செயின் போட்டு ஓடும் வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எங்கள் பக்கம் அது ஹிட்டாச்சி. இந்தக் குழப்பத்தில் ஆரணியிலிருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து, டயரைப் பார்த்துவிட்டு, "செயின் வண்டின்னு நெனச்சேன்மா" என்று மோர் குடித்துவிட்டுப் போனார். பாவமாக இருந்தது. புரோக்கர்கள் தனி. வண்டியைப் பார்க்காமலே "எட்டுக்கு முடிச்சிடலாம்" என்பார்கள்.

கடைசியில் வாங்கியவர் குடியாத்தத்துக்காரர். முந்தின ராத்திரியே போனில், "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்றார். காலை ஆறரைக்கு வந்தவர், எங்களுக்கு வணக்கம் சொல்லும் முன்பே பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார், ஜுரம் பார்ப்பது மாதிரி. சில்லென்றுதான் இருந்தது. அப்புறம்தான் சாவி கேட்டார். ஒரே தம்மில் ஸ்டார்ட் ஆனது. சைலன்சருக்குப் பின்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லையாம், நீலப் புகை நின்று நின்று வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தமாம்.

அடுத்து அவர் செய்ததை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. முன் பக்கெட் நிறைய மண் அள்ளி, ஆள் உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை அணைத்தார். சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பளபளப்பான ராடில், சிலிண்டர் வாயை ஒட்டி ஒரு விரற்கடை தள்ளி, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "வாங்க, டீ குடிச்சிட்டு வரலாம்." இருபது நிமிஷம் கழித்து வந்து குனிந்து பார்த்தார். கோடு சிலிண்டருக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்திருந்தது, அதாவது பக்கெட் தானாக இறங்கியிருந்தது. "அரை விரல் எறங்கிக்கீது. சீல் கிட்டு மாத்தணும்." பின் பக்கெட்டைக் கட்டிப்பிடித்து உலுக்கினார், டக் டக்கென்று சத்தம். "பின்னு போய்க்கீது." தம்பி தலையைச் சொறிந்தான்.

பிறகு ஹவர் மீட்டர். 4,431.

ஜேசிபிக்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் வயசு. இத்தனை வருஷ வண்டிக்கு நாலாயிரம் சொச்சம் என்றால் எவன் நம்புவான்? "மீட்டர மாத்திக்கீறீங்க" என்று சிரித்தார். மாற்றினது நிஜம்தான். 2019ல் 6,212ல் மீட்டர் நின்றுபோனது, புதுசு போட இரண்டு மாசம் ஆனது. நான் உள்ளே போய் மூன்று லாங் சைஸ் நோட்டை எடுத்து வந்தேன்.

முதல் நாளிலிருந்து தினமும் ராத்திரி தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதிய கணக்கு. தேதி, யார் வேலை, எத்தனை ஹவர், டீசல் எத்தனை லிட்டர், ஆபரேட்டர் பேட்டா, பாக்கி. பழைய மீட்டர் 6,212, மீட்டர் இல்லாத இரண்டு மாசம் நோட்டுப்படி 190, புது மீட்டர் 4,431. மொத்தம் 10,833. கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். அவர் விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 2021 நவம்பரில் வந்து நின்றார். பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போன மாசம் அது. ஒன்பது நாளில் 61 ஹவர், வாடகைப் பத்தியில் பாதிக்கு வெறும் கோடு. "துட்டு வரலியா?" "வாங்கல" என்றான் தம்பி.

இன்னும் புரட்டினார். "இன்னாக்கா இது, அங்கங்க 'பி'னு போட்டுக்கீது?"

பிரேக்கர். சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் பாறை உடைக்க ஒருவருக்கு வண்டி போயிருந்தது. பிரேக்கர் மாட்டி ஓட்டினால் பூம் என்கிற பின்பக்கக் கை, மூட்டுப் பின், ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் அடி வாங்கும், அதனால் வாடகை ஜாஸ்தி, அதனால்தான் தனியாகக் குறித்து வைத்தேன். அவர் அங்கேயே உட்கார்ந்து 'பி' போட்டதை மட்டும் கூட்டினார். 214 ஹவர். உடனே போய் பூமில் வெல்டிங் தழும்பு தேட ஆரம்பித்தார். ஒன்று கிடைத்தது.

தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "உன்ன யாருக்கா அதெல்லாம் எழுதச் சொன்னது?"

எட்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு முடிந்தது. நோட்டு இருப்பதால்தான் இந்த விலைக்கு வருகிறேன், இல்லாவிட்டால் எட்டுக்கே யோசிப்பேன் என்றார் அவர். வாங்குகிறவர் அப்படித்தான் சொல்வார் என்கிறான் தம்பி. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. டோக்கன் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கை மாறியது. நோட்டை அவர் கேட்டார், நான் தரவில்லை, போனில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பேப்பர் வேலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டியூ முழுசும் 2020லேயே கட்டி முடித்திருந்தோம், ஆனால் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயரை நீக்காமல் விட்டுவிட்டோம். கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கொடுக்கும் என்ஓசிக்கு இந்த பிராஞ்ச், அந்த பிராஞ்ச் என்று இரண்டு வாரம். வண்டி விற்கப் போகிறவர்கள் ஃபைனான்ஸ் பெயரை நீக்கும் ஃபாரம் 35ஐ முதலில் முடித்துவிட்டு விளம்பரம் கொடுங்கள். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், அதை மட்டும் வாங்கினவர் பார்த்துக்கொள்வார் என்று விடக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தார்கள். டிரெய்லர் இல்லை, ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு. லத்தேரி வரை நான் ஓட்டுகிறேன் என்று தம்பி ஏறிக்கொண்டான். டீச்சர் மாடியிலிருந்து கையாட்டினார், என்ன இருந்தாலும் அவர் வீட்டுக் கடக்காலும் இந்த வண்டி எடுத்ததுதான். மத்தியானம் பஸ்ஸில் திரும்பி வந்தவன், "செகண்ட் கியர்ல கொஞ்சம் சத்தம் வருதுக்கா, இத்தன நாளா எனக்குக் கேக்கவே இல்ல" என்றான்.

ராத்திரி நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'லத்தேரி வரை' என்று எழுதினேன். ஹவர் எவ்வளவு என்று கேட்டேன். மீட்டரைப் பார்க்கவில்லை என்றான்.