காந்தி விட்ட ஏலத்தில் எடுத்த வெள்ளிப் பேழைக்கு ஆதாரம் தேடியது

எங்கள் குடும்பத்தில் ஒரு வெள்ளிப் பேழை இருக்கிறது. வரவேற்பு மடலைச் சுருட்டி வைத்துக் கொடுப்பதற்காகச் செய்தது. மூடியில் ராட்டை, கீழே ஊர்ப் பெயர். "காந்தி ஏலம் விட்டார், எங்கப்பா எடுத்தார்" என்று தாத்தா சொல்வார். அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று போனால், முதல் கேள்வியே ஆதாரம் இருக்கிறதா என்பதுதான்.

நியாயமான கேள்வி. தீண்டாமை ஒழிப்புக்காக 1933 நவம்பரில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில், காந்தி தனக்கு வந்த மடல்களையும் பேழைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டு நிதி சேர்த்தார். அதனாலேயே எந்தப் பழைய வெள்ளிப் பெட்டிக்கும் இந்தக் கதையை ஒட்டிவிடலாம்.

'ஹரிஜன்' வார இதழ்களும் காந்தியின் தொகுப்பு நூல்களும் காந்தி ஹெரிட்டேஜ் போர்ட்டல் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து அவர் எங்கள் ஊருக்கு வந்த தேதியை உறுதி செய்துகொண்டேன். அப்புறம் அந்த வாரத்துப் பழைய நாளிதழ்கள். பேழை ஏலம் போன செய்தி இருந்தது. எடுத்தவர் பெயர் இல்லை.

அந்தப் பெயரைக் கொடுத்தது கொள்ளுத்தாத்தாவின் கடைப் பேரேடு. ஸ்ரீமுக வருஷம், தை மாதம், அதாவது 1934 ஜனவரி-பிப்ரவரி. புளி, மிளகாய் வற்றல், வண்டிக் கூலி என்று போகும் வரிகளுக்கு நடுவே "காந்தி ஏலம் வெள்ளிப் பெட்டி வகையில் பற்று ௭௫" (75) என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. தேதியும் பொருந்தியது. தாத்தா சொன்னது அத்தனையும் உண்மை என்று அம்மாவிடம் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

சட்ட விஷயமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருளாகக் கருதப்பட 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 ஆண்டே போதும். அதனால் பேழையைவிடப் பேரேட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருந்தது.

இடையில் ஒரு வியாபாரி, பாலிஷ் போட்டால் நல்ல விலை போகும் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்துதான் அழியும். ரப்பர் பேண்டும் போடக்கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். எங்கள் வீட்டில் அது பழைய பருத்தி வேட்டியில் சுற்றியே இருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது கொடைப் பத்திரம் தயாராகிறது. பேரேட்டையும் பேழையோடு சேர்த்தே வைக்க வேண்டும், பிரிக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறோம்.