கடைசிக் காவலிலிருந்து கோட்டுக்கு வெளியே

அயர்லாந்தின் லிமெரிக் நகருக்கு அருகே மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தேன். இன்று அதே பிரிவுக்குப் பொறுப்பாளர். வரிசையின் கடைசி மேசையில் உட்கார்ந்து, யாரோ விட்ட பிழை வெளியே போய்விடாமல் தடுப்பது பழைய வேலை. அந்தப் பிழை உருவாகாதபடி இருபது பேரை நடத்துவது புதிய வேலை. பதவி உயர்வுக் கடிதத்தைப் படித்தால் முன்னது வளர்ந்து பின்னது ஆனதுபோலத் தோன்றும். செய்து பார்த்தால் இரண்டும் தனித்தனித் தொழில்கள். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஹர்லிங் கோல்கீப்பராக இருந்து மேலாளரான டேவி ஃபிட்ஸ்ஜெரால்டின் பணிவாழ்க்கைதான் நினைவுக்கு வரும். எங்கள் உணவுக்கூடத்தில் கிளேர் மாவட்டத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் அவர் பெயர் வராமல் பேச்சு முடியாது.

அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டமான ஹர்லிங் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை, கையில் அடங்கும் தோல் பந்து. குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. கோல்கீப்பரின் மட்டைக்கு மட்டும் தலைப்பகுதி அகலமாக இருக்கும். மாவட்ட அணிக்கு ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, மாணவர் என்று பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊதிய உயர்வைக் காட்டி ஆசை மூட்டவோ வேலை போய்விடும் என்று அச்சுறுத்தவோ முடியாத ஒரு மேலாளர், எதை வைத்து முப்பது பேரைக் கட்டி ஆள்வார்? எங்கள் அலுவலகங்களில் யாருக்கும் இந்தச் சோதனை வந்ததில்லை.

சிக்ஸ்மைல்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த டேவி, 1990 முதல் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் கிளேரின் கோல் வாயில் நின்றவர். 1995இல் தர்லஸ் மைதானத்தில் மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டம், எதிரில் லிமெரிக். இடைவேளைக்குச் சற்று முன் கிளேருக்குப் பெனால்டி கிடைத்தது. தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் மறுமுனைவரை வந்து, பந்தை வலைக்குள் அறைந்துவிட்டு, கொண்டாடக்கூட நிற்காமல் திரும்பித் தன் இடத்துக்கு ஓடினார் டேவி. கிளேருக்கு 63 ஆண்டுகளில் முதல் மன்ஸ்டர் பட்டம் அது. செப்டம்பரில் ஆஃபலியை வென்று அகில அயர்லாந்துக் கோப்பையையும் எடுத்தார்கள். அதற்கு முந்தையது 1914இல். 1997 அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் டிப்பரரியின் ஜான் லீஹி கடைசி நேரத்தில் அடித்த பந்தை டேவி தடுத்திருக்காவிட்டால் இரண்டாவது கோப்பை கைநழுவியிருக்கும். கிளேர் ஒரே புள்ளியில் வென்றது.

இப்படித் தன் கையாலேயே ஆட்டத்தைக் காப்பாற்றிப் பழகியவரை, கோட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பாருங்கள். பந்து அவரிடம் வரவே வராது. 2008இல் பருவத்தின் நடுவே வாட்டர்ஃபோர்ட் அணியின் பொறுப்பை ஏற்றார். 1963க்குப் பிறகு முதல் முறையாக அந்த அணி அகில அயர்லாந்து இறுதியாட்டத்துக்கு வந்தது. அங்கே கில்கெனி 3-30, அதாவது மூன்று கோலும் முப்பது புள்ளியும் அடித்தது, வாட்டர்ஃபோர்டுக்கு 1-13. இருபத்துமூன்று புள்ளி வித்தியாசம். கோல்கீப்பராக இருந்தால் ஒரு பந்தையாவது தடுத்து மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். மேலாளருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

அடுத்து தன் சொந்த மாவட்டமான கிளேருக்கே மேலாளரானார். அதற்குப் பிறகு அவர் அமைத்த அணிகளில் கோல்கீப்பரின் மூளையை நான் தெளிவாகப் பார்க்கிறேன். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் உதிரியாக ஒருவரை நிறுத்துவார். கோலிலிருந்து பந்தை நெடுந்தூரம் அடித்து யார் பிடிக்கிறார்களோ பிடிக்கட்டும் என்று விடாமல், அருகில் இருப்பவருக்குக் கொடுத்துக் கட்டியெழுப்பச் சொல்வார். கார்க் அணியில் அந்தக் குட்டை அடியைக் கலையாகவே வளர்த்த கோல்கீப்பர் டோனல் ஓக் கியூசாக்கை 2016இல் தன் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு கிளேர் தேசிய லீக்கை வென்றது. உதிரிக் காவலரை வைப்பது ஹர்லிங்கின் வேகத்தைக் கெடுக்கிறது என்று பழைய ரசிகர்கள் கோபப்படுவார்கள். நான் அவர் பக்கம். கடைசியில் நின்று அடி வாங்கியவருக்குத்தான் ஓட்டை எங்கே விழுகிறது என்று தெரியும்.

ஆனாலும் அவருடைய மிகச் சிறந்த முடிவு தற்காப்பு சார்ந்தது அல்ல. 2013 அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் அவருடைய கிளேரும் கார்க்கும் சமநிலையில் முடித்தன. மறு ஆட்டம் 28 செப்டம்பரில். ஆட்டம் தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன்புதான் பத்தொன்பது வயது ஷேன் ஓடானலிடம் நீ ஆடுகிறாய் என்று சொல்லப்பட்டது. முதல் இருபது நிமிடங்களுக்குள் அவன் மூன்று கோல் அடித்தான். கிளேர் 5-16, கார்க் 3-16. எண்பதாயிரம் பேருக்கு மேல் கூடும் குரோக் பார்க்கில், தோற்றால் முழுப் பழியும் தன் தலையில் விழும் என்று தெரிந்தே ஒரு மாணவனை நம்பிய அந்தத் துணிவைக் கோலைக் காத்த துணிவைவிடப் பெரியதாகவே மதிக்கிறேன்.

பழைய உந்துதல் அவரை விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. 2017 ஏப்ரலில் நோலன் பார்க்கில் லீக் அரையிறுதி. வெக்ஸ்ஃபோர்ட் மேலாளராக இருந்த அவர் மைதானத்துக்குள் புகுந்து டிப்பரரி வீரர் ஒருவரோடு மோதினார். எட்டு வாரத் தடை. அந்தத் தடைக்காலத்திலேயே, அவர் கோட்டருகே நிற்க முடியாத நிலையில், வெக்ஸ்ஃபோர்ட் ஜூன் மாதம் லென்ஸ்டர் மாகாண அரையிறுதியில் கில்கெனியை வென்றது. அவர் கற்பித்தது வீரர்களிடம் தங்கியிருந்ததற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. என் பிரிவிலும் நான் விடுப்பில் இருக்கும் வாரத்து அறிக்கையைத்தான் முதலில் புரட்டுவேன்.

2019 லென்ஸ்டர் இறுதியாட்டத்தில் வெக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு பெனால்டி. அடிக்க வந்தவர் கோல்கீப்பர் மார்க் ஃபேனிங். தன் கோலை விட்டு மறுமுனைக்கு ஓடி வந்து, கில்கெனி கோல்கீப்பர் இயோன் மர்ஃபியைத் தாண்டி வலைக்குள் அடித்தார். 1-23க்கு 0-23, 2004க்குப் பிறகு வெக்ஸ்ஃபோர்டின் முதல் லென்ஸ்டர் பட்டம். கோட்டுக்கு வெளியே நின்றிருந்தவருக்கு அந்த ஓட்டத்தின் ஒவ்வோர் அடியும் தெரிந்திருக்கும்.

பிறகு மீண்டும் வாட்டர்ஃபோர்ட், அடுத்து வடக்கே ஆன்ட்ரிம். எளிய அணிகளைத் தேடிப் போகிறாரா, தோற்ற அணிகள் அவரைத் தேடி வருகின்றனவா என்று எங்கள் உணவுக்கூடத்தில் விவாதம் ஓயவில்லை. கிளேரோ 2024இல் மறுபடி அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. மேலாளர் பிரையன் லோகன், 1995இல் டேவியின் கோலுக்கு நேர் முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர். அணித்தலைவர் டோனி கெல்லி 2013 அணியிலிருந்தவர். 2024இன் சிறந்த வீரராகத் தேர்வானவர் ஷேன் ஓடானல்.