அப்பத்தாவின் கட்டிலும் ஐபிஎஸ் பேனலும்

ஷோரூம் சுவரில் மாட்டியிருக்கிற டிவிகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எல்லாவற்றிலும் மயில் தோகை விரிக்கும், தேன் சொட்டும், அருவி கொட்டும். எல்லாம் கம்பெனிக்காரர்களே கொடுத்த 4கே வீடியோ. போதாததற்கு பிக்சர் மோடை 'விவிட்'டில் வைத்து பிரைட்னஸை உச்சத்துக்கு ஏற்றியிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஓடப்போவது மயில் இல்லை. காலையில் ராசிபலன், மதியம் தொடங்கி ராத்திரி வரை சீரியல், நடுவில் செய்தி, மேட்ச் இருந்தால் மேட்ச்.

மதுரையில் எங்கள் வீட்டு ஹால் நீளவாக்கில் இருக்கும். டிவிக்கு நேரெதிரே சோபா. அதில் நான் உட்காருவதே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். டிவியின் உண்மையான சொந்தக்காரி அப்பத்தா. அவர் கட்டில் பக்கச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது; அங்கிருந்து பார்த்தால் திரை நன்றாகச் சாய்ந்துதான் தெரியும். கிழக்குப் பார்த்த வாசல் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

எனக்கு ஆசை ஓஎல்இடி மேல்தான். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்தே விடும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் கெடாது. ஆனால் ஒளிர்வது ஆர்கானிக், அதாவது கார்பன் சார்ந்த பொருள். உழைக்க உழைக்கத் தேயும். நாள் முழுக்க ஒரே மூலையில் சேனல் லோகோவும் அடியில் பிளாஷ் நியூஸ் பட்டையும் நின்றால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேய்ந்து தடம் விழலாம். இதைச் சமன் செய்ய, ரிமோட்டில் அணைத்த பிறகு ஸ்டாண்ட்பையில் இருந்தபடி டிவி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஒரு வேலை உண்டு. அதற்குக் கரண்ட் வேண்டும். எங்கள் அப்பாவுக்கோ ஸ்விட்ச் போர்டில் அணைத்தால்தான் தூக்கம் வரும். நாற்பது வருஷப் பழக்கத்தை ஒரு டிவிக்காக மாற்றச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. லட்சத்தைத் தாண்டிய விலையும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

"கியூஎல்இடியும் கிட்டத்தட்ட அதேதான் சார், விலை கம்மி" என்றார் கடைத்தம்பி. அதே இல்லை. அது எல்சிடிதான்; புள்ளிகள் தானே ஒளிராது, பின்னாலிருக்கும் விளக்கின் ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டும் திரை. பின்னால் நீல எல்இடி விளக்கு, அதற்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள் என்கிற மிக நுண்ணிய துகள்கள் கொண்ட ஒரு படலம். நீல ஒளியின் ஒரு பகுதியை அது சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறது. இந்தக் குவாண்டம் புள்ளிகளுக்காகத்தான் 2023இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். நிறம் அருமைதான். ஆனால் விளக்கு பின்னால் எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு முழுக் கறுப்பாகாது. மினி எல்இடியில் அந்த விளக்கையே நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, வேண்டிய இடத்தில் மட்டும் மங்க வைக்கிறார்கள். வெளிச்சமான ஹாலுக்கு அதுதான் சரி என்று நானும் நினைத்தேன்.

இடித்தது கட்டில். எல்சிடி திரையில் விஏ, ஐபிஎஸ் என்று முக்கியமாக இரண்டு வகை பேனல் உண்டு. நான் பார்த்த மினி எல்இடி எல்லாமே விஏ பேனல் மாதிரிதான் தெரிந்தது. நேரே பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் முகமெல்லாம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் பேனல் நேர் எதிர்: பக்கத்திலிருந்தும் நிறம் நிற்கும், கறுப்புதான் சாம்பல் அடிக்கும். எந்த பேனல் என்று பெட்டியில் பெரும்பாலும் போட மாட்டார்கள். பென் டிரைவில் ஒரு சீரியல் காட்சியும் ஒரு முழுக் கறுப்புப் படமும் கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். பிறகு அப்பத்தா படுத்திருக்கும் கோணத்துக்கு நகர்ந்து நின்று பார்த்தேன். கடைத்தம்பி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

4கே பற்றி ஒரு கணக்கு. சாதாரண கேபிள் சேனலில் வருவது 720 × 576, அதாவது 4 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். ஒவ்வொரு 20 புள்ளியிலும் 19 புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகத்தில் ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு மாதிரி. விலை குறைந்த சிலவற்றில் நடிகர்கள் மெழுகு பூசியது போலத் தெரிந்தார்கள். பேனலுக்கு இணையாக இதையும் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியில் வாங்கியது 55 இஞ்ச் ஐபிஎஸ் எல்சிடி. 2025 செப்டம்பரில் பெரிய டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது கொஞ்சம் கைகொடுத்தது. ராத்திரிக் காட்சிகள் சாம்பலாகத்தான் தெரிகின்றன. டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கைப் போட்டதில் கண்ணுக்கு அது அவ்வளவாக உறுத்துவதில்லை. படம் பார்க்கும்போது மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுவேன். நடுநடுவே டிவியே புதுப் பிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் வசதி அது; நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தைச் சீரியல் மாதிரி ஆக்கிவிடுகிறது.

அப்பத்தாவின் தீர்ப்பு: "மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது. ஆனா இந்த ரிமோட்ல நம்பரையே காணோமேப்பா."

நியாயம்தான். ஓடிடி பட்டன்களாகப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். டிவி போட்டதும் நேராக செட்டாப் பாக்ஸுக்கே போகும்படி செட்டிங்கை மாற்றி, பாக்ஸ் ரிமோட்டை மட்டும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அடுத்து கேபிள்காரரைப் பிடித்து எச்டி பேக் பேச வேண்டும்.