பீட்டாவோட காலை யாரு ஒட்ட வெச்சது?

ஹங்கர் கேம்ஸ்னு ஒரு நாவல் வரிசை, பிள்ளைங்களை ஒருத்தர ஒருத்தர் கொல்ல விட்டு அரசாங்கம் அத டிவில காட்டும். அதோட முதல் புக்கோட முடிவுல, நாயகி காட்னிஸோட சேர்ந்து போட்டில இருக்குற பீட்டாவுக்கு ஒரு கால் போயிடும். படம் மட்டும் பாத்தவங்ககிட்ட இத சொன்னா, நான் ஏதோ கதை விடுறேன்னு நினைக்கிறாங்க. போட்டி நடத்துறவங்க ஏவி விட்ட ஒரு மிருகம் அவன் கெண்டைக்கால்ல கடிச்சிடும், ரத்தம் நிக்கவே நிக்காது, காட்னிஸ் தன் சட்டைக் கையை அறுத்து முட்டிக்குக் கீழ சுத்தி, கடைசியா இருக்குற ஒரே அம்பை முடிச்சுக்குள்ள சொருகி முறுக்கி இறுக்குவா. இப்படி இறுக்குனா கால் போயிடலாம், விட்டா உயிரே போயிடும், அந்த கணக்கு அவ மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும். கடைசில உயிர் தப்பிடுது, கால் தப்பல. அடுத்த ரெண்டு புக்குலயும் அவன் செயற்கைக் காலோடதான் நடக்குறான்.

2012ல வந்த படத்துல? ரெண்டு காலோட ஜம்முனு ஊர் திரும்புறான். சட்டை கூட நல்லா அயர்ன் பண்ணி இருக்கு.

இத ஒரு சின்ன மாற்றம்னு விட்டுடலாம், புக்குல இருக்குறது எல்லாத்தையும் படத்துல வைக்க முடியாதுதான். ஆனா கொடுங்கோல் அரசாங்கத்துக்கிட்ட மாட்டின பிள்ளைங்களைப் பத்தின நாவல்கள்ல இருந்து எடுத்த படங்களை வரிசையா பாத்தா எல்லா படத்துலயும் வெட்டுற இடம் ஒண்ணாவே இருக்கு. இந்த நாவல்கள் எல்லாமே ஒரு அரசாங்கம் ஒரு பிள்ளையோட உடம்பை என்ன பண்ணுதுங்கறத பத்தினவைதான். பட்டினி போடுறது, வெட்டுறது, ஊசி குத்துறது, முகத்தை மாத்துறது. படம் எடுக்குறவங்க அரசாங்கத்த வெச்சுக்கறாங்க, கோட்டை கொத்தளம், யூனிஃபார்ம், ட்ரோன் எல்லாம் செலவு பண்ணி போடுறாங்க, உடம்புக்கு ஆன சேதாரத்த மட்டும் சத்தமில்லாம சரி பண்ணி அனுப்பிடுறாங்க.

மார்ட்டல் எஞ்சின்ஸ் இதுல உச்சம். ஃபிலிப் ரீவ் 2001ல எழுதின புக்குல நாயகி ஹெஸ்டர் ஷாவோட முகம்தான் கதையே. நெத்தில ஆரம்பிச்சு தாடை வரைக்கும் வெட்டு, ஒரு கண்ணு இல்ல, மூக்கு மொண்ணை, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். அவளைப் பாத்ததும் நாயகன் டாமுக்கு அருவருப்பா இருக்கும், படிக்கிற நமக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், அப்புறம் பக்கம் பக்கமா அந்த அருவருப்பு கரையறதுதான் அந்த நாவல் பண்ற வேலை. 2018 படத்துல அவளுக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, மூக்கும் இருக்கு, கன்னத்துல இருந்து கீழ ஒரு தழும்பு, அதுவும் அழகா இருக்கு! அப்புறம் அவ ஏன் துணியால முகத்தை மூடிக்கிட்டு திரியறான்னே புரியல. ஓடுற நகரங்கள் எல்லாம் பிரமாதமா பண்ணியிருந்தாங்க, அதுல குறையே இல்ல. படம் படுத்துச்சு. முகத்தை மாத்தினதாலதான் படுத்துச்சுன்னு சொல்லல, ஆனா லண்டன் மாநகரத்தையே சக்கரத்துல ஓட விட தைரியம் இருந்தவங்களுக்கு ஒரு பொண்ணோட மூக்கை எடுக்க தைரியம் வரலயே.

அக்லீஸ் இதுக்கு நேர் எதிர் சிக்கல். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2005ல எழுதினது. பதினாறு வயசானா எல்லாருக்கும் கட்டாய ஆப்பரேஷன், அழகாக்கி விட்டுடுவாங்க, அதுவரைக்கும் பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் மாறுகண்ணு, மூக்கன், ஒல்லிப்பிச்சான் மாதிரி பட்டப்பேர் வெச்சு கூப்பிட்டுக்குவாங்க. இதுல விஷயம் என்னன்னா அவங்க யாரும் அசிங்கமானவங்க இல்ல, சாதாரண முகம், அவ்ளோதான். படிக்கும்போது அங்க நம்ம முகத்தையே வெச்சுப் பாத்துக்குவோம், வலிக்கும். 2024ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தப்போ அந்த இடத்துல சினிமா முகங்கள். ஏற்கனவே போஸ்டர்ல வர்ற முகம், அதுக்கு மேல ஆப்பரேஷன் பண்ணி என்ன ஆகப்போகுது, ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கு. இத சரியா எடுக்கவே முடியாதோன்னு கூட எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

டைவர்ஜென்ட் நாவல்ல, ட்ரெய்னிங் கேம்ப்ல ஒருத்தன், ராத்திரி தூங்குற இன்னொருத்தன் கண்ணுல பட்டர் கத்திய சொருகுற சீன் ஒண்ணு வரும். தூங்குறவன் ட்ரெய்னிங்ல முதல் இடத்துல இருக்கான்னு ஒரே பொறாமை. அந்த சீனை ஷூட் பண்ணாங்க, தியேட்டருக்கு வந்த படத்துல இல்ல. அது போனதும் அந்த ட்ரெய்னிங் கேம்ப் ஏதோ சாகச கோடை வகுப்பு மாதிரி ஆயிடுச்சு, எல்லாரும் ஓடுற ட்ரெய்ன்ல ஏறி குதிச்சு ஜாலியா இருக்காங்க. மூணாவது புக்குல நாயகி ட்ரிஸ் செத்துப் போறா, ஆனா அந்தக் கடைசி புக்கை ரெண்டா உடைச்சு எடுக்கலாம்னு பேராசைப்பட்டு, 2016ல வந்த பாதி ஓடாம போய், மிச்சப் பாதிய எடுக்கவே இல்ல. ஆக சினிமால அவ இன்னும் உயிரோடதான் இருக்கா. (ஹங்கர் கேம்ஸோட மூணாவது புக் மாக்கிங்ஜேவையும் இதே மாதிரி உடைச்சாங்க, அது தப்புன்னு டைரக்டர் ஃப்ரான்சிஸ் லாரன்ஸே பின்னாடி ஒத்துக்கிட்டார்.)

காரணம் ஒண்ணும் ரகசியம் இல்ல. அமெரிக்கால பிஜி-13ங்கற ரேட்டிங் வாங்கினாதான் இந்த நாவலைப் படிக்கிற வயசுப் பிள்ளைங்க தாங்களே டிக்கெட் எடுத்து உள்ள வர முடியும், அதுக்காக ரத்தத்தைத் தொடைக்கணும். ஹங்கர் கேம்ஸ் முதல் படத்துல போட்டி ஆரம்பிக்கிற அந்த வெட்டுக்குத்து சீனை மறுபடி பாருங்க, கேமரா நடுங்கிட்டே இருக்கும், சத்தத்தைக் குறைச்சிருப்பாங்க, யாரு யாரை வெட்டுறாங்கன்னே தெரியாது. அதுவும் பத்தாதுன்னு பிரிட்டன்ல 12ஏங்கற ரேட்டிங் கிடைக்க இன்னும் ஏழு செகண்ட் வெட்டினாங்க. எனக்கு என்னவோ அந்த நடுக்கம் புடிச்சிருந்துச்சு, ஒரு பதினாறு வயசுப் பொண்ணுக்கு அந்த நிமிஷம் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா வசதியும் கலையும் ஒரே ஷாட்ல இருந்தா எது எதுக்காக வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது.

எல்லாத்தையும் திட்டிட்டு இருக்கேன்னு நினைக்காதீங்க. படம் புக்கை முந்தின இடமும் அதே படத்துலதான் இருக்கு. புக் முழுக்க காட்னிஸ் சொல்றா, அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. படத்துல அந்தக் கன்ட்ரோல் ரூம் வருது பாருங்க, வெள்ளை டிரஸ் போட்டவங்க திரையத் தடவி ஒரு மிருகத்தை டிசைன் பண்ணி பட்டனைத் தட்டினா அங்க காட்டுல அது மண்ணுக்குள்ள இருந்து எழுந்து வருது. ஆபீஸ் வேலை மாதிரி பண்ணுவாங்க, ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இருக்காது. புக்குல இது கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனா அங்கயும் ஒரு இழப்பு: புக்குல அந்த மிருகங்களுக்கு செத்துப்போன பிள்ளைங்களோட கண்ணு இருக்கும், கழுத்துப் பட்டைல அவங்க மாவட்ட நம்பர் இருக்கும். காட்னிஸ் ஒரு மிருகத்தோட பச்சைக் கண்ணைப் பாத்து அது யாருன்னு கண்டுபிடிக்கிற இடத்துல எனக்கு வயித்தைப் பிரட்டிடுச்சு. படத்துல வெறும் பெரிய நாய்.

தி கிவர் கூட அப்படித்தான். புக்குல ஜோனஸுக்குப் பன்னெண்டு வயசு, படத்துல நடிச்சவர் இருபது தாண்டினவர், முத்தம் எல்லாம் சேர்த்து ஒரு காதல் கதையா ஓட்டிட்டாங்க. ஆனா ஜோனஸோட அப்பா ஒரு பச்சைக் குழந்தைய எடை பாத்துட்டு, கொஞ்சுற குரல்லயே பேசிக்கிட்டு நெத்தில ஊசி போட்டுக் கொல்ற சீன் இருக்கே, அதுல கேமரா ஒதுங்கல. படத்தோட மத்த எதையும் மறந்துட்டேன், அது மறக்கல.

புக்குல காட்னிஸ் ஜெயிச்சப்புறம் ஒண்ணு நடக்கும், படத்துல இல்ல. எலும்பும் தோலுமா கிடக்குறவளுக்கு மயக்கத்துலயே ஆப்பரேஷன் பண்ணி மார்பைப் பெருசாக்கி டிவில காட்டலாம்னு போட்டிய நடத்துற தலைநகரத்துக் கேப்பிட்டல்காரங்க கேக்குறாங்க. அவளுக்கு வழிகாட்டியா இருக்குற ஹேமிட்ச் சண்டை போட்டுத் தடுக்குறான். அதனால டிரஸ்ல பஞ்சு வெச்சு சமாளிக்கிறாங்க. ஒரு ஹாலிவுட் படம் இந்த சீனை விட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

2025ல அதே ஃப்ரான்சிஸ் லாரன்ஸ் தி லாங் வாக் எடுத்தார். ஸ்டீஃபன் கிங் வேற பேர்ல 1979ல போட்ட நாவல், பசங்க நடந்துட்டே இருக்கணும், வேகம் குறைஞ்சா மூணு எச்சரிக்கை, அப்புறம் சுட்டுடுவாங்க. இதுல அவர் எதையும் தொடைக்கல. கால் பெரண்டு நடக்குறான், வயித்தால போகுது, முதல் பையனை சுடும்போது முகத்தைக் காட்டுறாங்க. இவ்ளோ வருஷம் கழிச்சு ஒருத்தர் உடம்பை உடம்பா எடுத்தார்னு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா ரேட்டிங் ஆர், அங்க பதினேழு வயசுக்குக் கீழ இருக்குறவங்க பெரியவங்க யாராவது கூட வந்தாதான் பாக்க முடியும். ஜப்பான்ல 2000ல பேட்டில் ராயல் வந்தப்பவும் இதே கதைதான், பதினஞ்சு வயசுக்குக் கீழ பாக்கக் கூடாதுன்னு ஆர்-15 போட்டாங்க, சாகறது முழுக்க ஒன்பதாங்கிளாஸ் பசங்க. அந்த வயசுப் பையன் புக்கை லைப்ரரில எடுத்து ராத்திரி முழுக்க படிக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல.