“வீட்டில இன்டர்நெட் இருக்கோ?” – இறுதி வருட ஆய்வில் நான் கற்றது

யாழ் மாவட்டத்தில் எத்தனை வீதமான வீடுகள் பைபர் (கண்ணாடி இழை இணைப்பு), எத்தனை ஏடிஎஸ்எல் (தொலைபேசி வயர் வழி இணைப்பு), எத்தனை 4ஜி ரவுட்டர், எத்தனை கைபேசி டேட்டா மட்டும் வைத்திருக்கின்றன என்று மதிப்பிடுவதுதான் என் இறுதி வருட ஆய்வு. இதுபோன்ற தலைப்பு எடுத்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். சூத்திரம் புத்தகத்தில் இருக்கிறது. நான் அடிபட்டது கேள்வியில்.

கோண்டாவிலில் ஒரு ஒழுங்கை. படலையடியில் நின்ற அம்மாவிடம், “வீட்டில இன்டர்நெட் இருக்கோ அம்மா?” என்று கேட்டேன். “இல்லையப்பு, எங்களுக்கேன் அது?” என்றார். ‘இல்லை’ என்று குறித்துவிட்டுத் திரும்ப, கையிலிருந்த போன் அடித்தது. கனடாவிலிருந்து மகள், வீடியோவில். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, “இது வாட்ஸ்அப் தம்பி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிழை என் கேள்வியில்தான். அதுவரை நிரப்பிய 30 வினாக்கொத்துகளையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

பிறகு இப்படிக் கேட்டேன்: “போன கிழமை வீட்டில ஆராவது வாட்ஸ்அப், யூடியூப் பாத்தவையோ? எதில பாத்தவை? மாதம் மாதம் பில் கட்டுறனீங்களோ, ரீலோட் போடுறனீங்களோ?” ‘வைஃபை இருக்கு’ என்ற பதிலோடும் நின்றுவிடாதீர்கள். எங்கள் ஊரில் பைபரும் வைஃபைதான், 4ஜி ரவுட்டரும் வைஃபைதான். அனுமதி கேட்டு ரவுட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய கேபிளின் நுனியில் பச்சை நிறச் செருகி இருந்தால் பெரும்பாலும் பைபர். வெளியிலிருந்து வரும் தொலைபேசி வயர் ரவுட்டருக்குள் போனால் பெரும்பாலும் ஏடிஎஸ்எல். மின்சார வயர் மட்டும் இருந்து உள்ளே சிம் போட்டிருந்தால் 4ஜி. அரை நிமிட வேலை, ஆனால் என் தரவைக் காப்பாற்றியது இதுதான்.

பக்கத்து வீட்டு பாஸ்வேர்ட்டில் ஓடும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு இணையம் கிடைக்கிறது, ஆனால் சந்தா அவர்களுடையதல்ல. இரண்டுக்கும் தனித்தனி நிரல் வையுங்கள். பைபரும் கைபேசி டேட்டாவும் ஒரே வீட்டில் இருக்கும் என்பதால் வகைகளைக் கூட்டினால் 100 வீதத்தைத் தாண்டும். அது பிழையில்லை.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் எண்ணிக்கையை எடுத்து வீடுகளால் வகுத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். அது இணைப்புகளின் எண்ணிக்கை. இலங்கையில் கைபேசி இணைப்புகள் சனத்தொகையையே தாண்டியவை. ஒரே வீட்டில் நாலு சிம் இருக்கும், கடைக்கும் கந்தோருக்கும் எடுத்த இணைப்புகளும் அதற்குள் அடக்கம்.

மாதிரிப் பருமனுக்கு, அதாவது எத்தனை வீடு பார்க்க வேண்டும் என்பதற்கு, 95 வீத நம்பிக்கையில் கூடக்குறைய 5 வீத வழு (பிழை எல்லை) என்றால் 385 வீடுகள் வரும். அது மாவட்டம் முழுவதிலிருந்தும் வீடுகளைக் குலுக்கல் போல எடுக்கும் எளிய எழுமாற்று மாதிரிக்கான கணக்கு. 15 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் சிதறிக் கிடக்கும் வீடுகளைத் தனித்தனியாகத் தேடிப்போக மாணவனால் முடியாது. அதனால் சில கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றிலும் 10 வீடு பார்ப்போம். ஒரே ஒழுங்கைக்குள் பைபர் வந்தால் பக்கத்து வீடுகளும் எடுக்கும், பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமை 0.05 என்று எடுத்தால் மாதிரியை 1 + (10 − 1) × 0.05, அதாவது 1.45 மடங்காக்க வேண்டும், ஏறத்தாழ 558 வீடுகள். நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பக்கத் தீவுகளைத் தனிப் படையாக (தனிப் பிரிவாக) எடுத்து, அங்கே கூடுதலான வீடுகள் பார்த்தால், கடைசியில் மாவட்டத்து வீடுகளில் அவற்றின் உண்மையான பங்குக்கு ஏற்ப நிறை கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தீவகத்தின் நிலைமை மாவட்டத்தின் நிலைமையாகிவிடும்.

பூட்டியிருக்கும் வீட்டை விட்டு அடுத்த வீட்டைத் தட்டுவதுதான் பெரிய சோதனை. பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் எல்லாரும் வேலைக்குப் போகும் வீடு, நிரந்தர இணைப்பு இருக்கக்கூடிய வீடு. அதைக் கைவிட்டால் பைபர் வீதம் குறையும். நான் மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஞாயிறும் திரும்பப் போனேன், மூன்று முறை வரை. ஆட்களே குடியில்லாத, வெளிநாட்டுக்காரரின் வீடு வேறு கதை. அது பகுதியிலேயே, அதாவது வீதம் கணிக்க வகுக்கும் மொத்த வீடுகளின் எண்ணிக்கையிலேயே, சேராது.

வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் அதிக நேரம் கேட்டதும் பகுதியைப் பற்றித்தான். “யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆறு மாணவர்கள் ஒரு வீட்டுத்துறையா (குடித்தனமா), ஆறா?” ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்று, தனித்தனியே என்றால் ஆறு என்றேன். “அப்படியானால் ஒரு ரவுட்டரை எப்படிக் குறித்தாய்?” என்று அடுத்த கேள்வி. சந்தா பில் கட்டும் ஒருவருக்கு, பாவனை ஆறு பேருக்கும் என்று குறித்த என் வினாக்கொத்தை எடுத்துக் காட்டினேன்.