பாடலின் காலம் யாருடையது?

பல இசைவகைகள் கலந்த ஓர் ஆல்பத்தைக் கேட்கும்போது காதில் முதலில் படுவது நாதங்களின் வேறுபாடு. அடிவயிற்றில் அதிரும் பேஸ், கரகரக்கும் ராக் கிடார், துல்லியமாகத் துடிக்கும் சின்தசைசர், இடைவிடாமல் ஓடும் ராப் சொற்கள். எனவே இந்த நாதங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வதுதான் மிக்ஸிங் பொறியாளரின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபங்க், ஹிப்-ஹாப், எலெக்ட்ரானிக் இசை, ராக் கிடார் ஆகிய நான்கும் கொண்ட ஓர் ஆல்பத்தில், தனித்தனியாகப் பதிவான ஒலிகளைக் கலந்து பாடலாக்கும் மிக்ஸிங் பொறியாளராகத் தொடக்கம் முதல் முடிவு வரை வேலை செய்தபோது, சிக்கல் அதற்கும் முன்னால் தொடங்குகிறது என்பதைக் கண்டேன். இந்த நான்கு இசைகளும் அடியை வைக்கும் இடம் வேறு வேறு. அடி எந்தக் கணத்தில் விழுகிறது என்பதைத்தான் பாடலின் காலம் என்கிறேன். அதைத் தீர்க்காமல், அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை எவ்வளவு திருகினாலும் பாடல் ஒட்டாது.

ஃபங்க் இசையின் காலம் முதல் அடியில் இருக்கிறது. அதன் முன்னோடியான அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவினரிடம் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் அடியையும் அழுத்தி வாசிக்கச் சொன்னார். அந்த ஓர் அடியில் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டால், மீதி இடத்தில் ஒவ்வொருவரும் விட்டுவிட்டு வாசிக்கலாம். ஹிப்-ஹாப் இந்த இசையின் வயிற்றிலேயே பிறந்தது. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தில், டிஜே கூல் ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம்ஸ் தனியாக ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டினார். ஆகவே ஹிப்-ஹாப்பின் காலம், யாரோ ஒரு டிரம்மரின் கை எப்போதோ வாசித்த சில நொடிகளின் சுழற்சி. எலெக்ட்ரானிக் இசையின் காலம் இயந்திரத்தினுடையது. ஆயிரம் முறை அடித்தாலும் அடி அதே இடத்தில் விழும். ராக் கிடார் பெரும்பாலும் முன்னோக்கித் தள்ளும். கை சூடேறும்போது வேகமும் சற்றே கூடும்.

எங்கள் ஆல்பத்தில் இந்த நான்கு காலங்களுக்கும் ஆள் இருந்தார்கள். எலெக்ட்ரானிக் பகுதிகளை அமைத்த தயாரிப்பாளர், ஃபங்க் வாசித்து வளர்ந்த டிரம்மரும் பேஸ் கலைஞரும், ராக் குழுக்களில் வாசித்துவந்த கிடார் கலைஞர், ராப் பாடகி. ஐவருமே தேர்ந்தவர்கள். ஒவ்வொருவரின் டிராக்கையும் தனியாகக் கேட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்து ஓட்டினால் பாடல் தள்ளாடியது.

முதலில் கைவைத்த பாடலின் வேகம் நிமிடத்துக்கு 100 அடி. அந்த வேகத்தில் ஓர் அடியின் நான்கில் ஒரு பங்கு 150 மில்லிநொடி. தயாரிப்பாளரின் டிரம் மெஷின் அந்தப் பங்குகளைக் குறிக்கும் கணினிக் கோட்டில் பிசகாமல் நின்றது. டிரம்மரோ ஸ்னேர் என்ற, கூர்மையாக ஒலிக்கும் டிரம்மின் அடியை ஏறக்குறைய 20 மில்லிநொடி பிந்தி வைத்தார். அது அவருடைய பாணி; அந்தச் சிறு தாமதத்தில்தான் கேட்பவரின் உடல் ஆடத் தொடங்குகிறது. ஆனால் இயந்திரத்தின் ஸ்னேரும் அவருடைய ஸ்னேரும் சேர்ந்தபோது ஒரே அடி இரண்டாகச் சிதறிக் கேட்டது.

இதற்கு எளிதான வழி ஒன்று உண்டு. டிரம்மரின் அடிகளை எல்லாம் கணினியில் பிடித்து இழுத்துக் கோட்டில் நிறுத்திவிடலாம். இன்று வெளியாகும் பல பாடல்களில் அதுதான் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பயின்று கையில் கொண்டுவந்த தாமதத்தை அழிப்பதற்கு அவரை அழைத்திருக்கவே வேண்டியதில்லை. மறுபக்கம், இயந்திரத்தை அவருக்காகப் பின்னுக்குத் தள்ளினால் அதன் விறைப்பு போய்விடும். வழி சொன்னவர் டிரம்மரே. தன் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டின் ஒலியை எடுத்துவிட்டு இயந்திரத்தின் ஹை-ஹாட்டை வைக்கச் சொன்னார்; இயந்திரத்தின் ஸ்னேரை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கச் சொன்னார். மேலே கோடு மாறாத இயந்திரம், கீழே சற்றே பிந்தி விழும் மனிதக் கை. இரண்டுக்கும் இடையே இருந்த அந்த 20 மில்லிநொடி, பிழையாகக் கேட்டதுபோய், பாடலின் இழுவிசையாக மாறியது.

அன்று முதல் ஒவ்வொரு பாடலிலும் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொடுவதற்கு முன்பு ஐவரையும் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்தப் பாடலின் காலம் யாருடையது? பதில் கிடைத்த பிறகுதான் மற்றவர்கள் எங்கே விட்டுக்கொடுப்பது என்று பேச முடிந்தது. டிரம் மெஷினின் காலம் என்று முடிவானால் கூட அடுத்த கேள்வி இருக்கிறது: எவ்வளவு ஸ்விங், அதாவது இரண்டிரண்டு கால் அடிகளில் இரண்டாவதை எவ்வளவு பிந்தவிடுவது? ரோஜர் லின் வடிவமைத்த இயந்திரங்களில் இது ஒரு சதவீதக் கணக்கு. 50 என்றால் இரண்டு கால் அடிகளும் சமம். 66 என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் முதலாவதற்குப் போய்விடும். 100 அடி வேகத்தில் 58 வைத்தால் இரண்டாவது அடி 24 மில்லிநொடி தள்ளி விழுகிறது. எங்கள் தயாரிப்பாளர் 58-ஐ விரும்பினார்; பேஸ் கலைஞரின் கை இயல்பாக 54-க்கு அருகே நின்றது. ஒரு மாலை முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசினோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அற்பமாகத் தெரியலாம். பாடல் நடக்கிறதா நொண்டுகிறதா என்பது அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

கீழ்ச்சுரங்களின் சிக்கலும் இதே கேள்விக்குத்தான் வந்து நின்றது. பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 1980-இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷின் வகைக் கிக்கின், அதாவது பெரிய டிரம் ஒலியின், நீண்டு தேயும் வாலும் 50 ஹெர்ட்ஸ் அருகேதான் நிற்கிறது. இரண்டுக்கும் அங்கே இடமில்லை. எலெக்ட்ரானிக் நடன இசையில், கிக் விழும் கணத்தில் கம்ப்ரெஸ்ஸர் என்ற கருவி பேஸின் ஒலியளவை அமுக்கும்படி செய்துவிடுவார்கள். அந்த வழக்கத்தை அப்படியே ஃபங்க் பாடலுக்குக் கொண்டுவந்தால் பாடல் செத்துவிடும். பேஸ் தன் முழு எடையையும் வைப்பது முதல் அடியில், கிக்கோடு சேர்ந்து. அமுக்கினால் போவது அந்தச் சுரம்தான். ஆகவே ஃபங்க்கின் காலத்தில் நடக்கும் பாடல்களில் கிக்கின் வாலைக் குறுக்கிப் பேஸுக்கு வழிவிட்டேன். இயந்திரத்தின் காலத்தில் நடக்கும் பாடல்களில் கிக்கை நீளவிட்டு, அதன் வாலைப் பாடலின் சுருதிக்கு ஏற்றவாறு திருத்தி, பேஸை அடிகளுக்கு இடையே வாசிக்கச் சொன்னேன்.

ராக் கிடார்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பை ஏற்றிய கிடாரின் ஒலி தட்டையாக நிற்கும். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அது நடு அலைவரிசைகள் அனைத்தையும் நிரப்பிக்கொள்கிறது. ராப்பின் உயிரோ வல்லின மெய்களில் இருக்கிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றின் வெடிப்பும் உரசலும் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. கரகரப்பு உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். இடமும் வலமுமாக இரட்டித்து வாசித்த கிடாருக்கு நடுவே பாடகியின் சொற்கள் மூழ்கிப்போயின. கிடாரின் ஒலியைக் குறைத்தால் அது வலுவிழந்து வெறும் இரைச்சலாகச் சிறுத்தது.

கிடார் கலைஞருக்கு இது மனவருத்தம் தந்தது. எப்போதும் கிடாரைத்தான் குறைக்கச் சொல்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் ஒலியைக் குறைக்கச் சொல்லாமல், நேரத்தை வேறுவிதமாகப் பங்கிடலாமா என்று கேட்டேன். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் ஜிம்மி நோலன் வாசித்த முறையைப் போட்டுக் கேட்டோம். தந்தியை முழுதாக அழுத்தாமல், தொட்டுத் தொட்டு விட்டு, சுரம் பிறந்த கணத்திலேயே அடக்கிவிடும் வாசிப்பு அது. ஃபங்க் கிடார் கலைஞர் நைல் ராஜர்ஸின் வலது கை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க, இடது கை எந்த அடி ஒலிக்க வேண்டும், எது வெறும் உரசலாக நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதையும் கவனித்தோம். டாஃப்ட் பங்க் என்ற எலெக்ட்ரானிக் இரட்டையர் 2013-இல் வெளியான தங்கள் ஆல்பத்துக்கு அவரை அழைத்ததன் காரணம் அந்தக் கைதான். பிறகு எங்கள் கிடார் கலைஞர் ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பை ஏற்றும் கெய்னைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பாடகி மூச்சுவிடும் இடங்களில் மட்டும் முழு வலிமையோடு வாசித்தார். கெய்ன் குறைந்ததும் விரல் தந்தியைத் தாக்கும் ஒலி மீண்டு வந்தது. கிடார் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. பாடகியும் தன் பங்குக்கு வரிகளை முதல் அடியில் தொடங்காமல் அரை அடி தள்ளி எடுத்தார். கிடார் முதல் அடியில் அடித்துவிட்டு ஒதுங்க, சொல் நுழைந்தது.

ஆல்பத்தின் ஒரு பாடலை முழுக்கக் கிடாருக்கே கொடுத்தோம். வேகத்தைக் காதில் காட்டும் கிளிக் ஒலி இல்லாமல் கிடாரும் டிரம்ஸும் மட்டும் நேருக்கு நேர் பார்த்தபடி வாசித்த பதிவு அது. இறுதிப் பகுதியில் வேகம் நிமிடத்துக்கு நான்கு அடிகள் ஏறியிருந்தது. தயாரிப்பாளர் அதைச் சமப்படுத்த விரும்பினார். அவருடைய சின்தசைசர் சுழற்சிகளும் எதிரொலிகளும் வேகத்தை நம்பி அமைந்தவை. நான் ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக அந்த வேகத்தைக் குறித்து ஒரு வரைபடம் தயாரித்து, இயந்திரங்கள் எல்லாவற்றையும் அதன்படி நடக்கவைத்தேன். இயந்திரத்துக்கு மூச்சு வாங்குவதுபோல் கேட்கிறது என்று சொல்லி அவரே மகிழ்ந்தார். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த பாடல் அதுதான்.

ராக் கிடாரும் ஹிப்-ஹாப்பும் 1986-இல் உலகமறியச் சேர்ந்ததற்கும் காலமே காரணம் என்று நினைக்கிறேன். ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவினர் ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் பாடலைப் புதிதாகச் செய்தபோது, கிடாரின் கவர்ச்சியால் அது வென்றது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாடலின் தொடக்கத்தில் வரும் டிரம்ஸ் பகுதியை ஹிப்-ஹாப் டிஜேக்கள் அதற்கு முன்பே சுழற்றிக்கொண்டிருந்தார்கள். காலம் ஏற்கெனவே பொதுவாக இருந்தது. கிடார் அதன்மேல் வந்து அமர்ந்தது.

சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து எடுத்த துண்டு, வைத்த பாடலில் கேள்வி வேறு முகம் காட்டியது. தயாரிப்பாளர் ஒரு பழைய ஃபங்க் இசைத்தட்டிலிருந்து இரண்டு ஆவர்த்தன டிரம்ஸை எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக்கியிருந்தார். அதில் எந்த இரண்டு அடிகளுக்கும் இடைவெளி சமமில்லை. கூடவே ஒலித்த பேஸின் சுருதியும் இன்றைய சுரங்களுக்கு இடையே எங்கோ நின்றது. லூப்பைத் திருத்தாமல், கிடாரையும் பேஸையும் அதன் சுருதிக்கு இறக்கி வைத்துக்கொண்டோம். பாடல் அருமையாக அமைந்தது. ஆனால் அனுமதி கிடைக்கவில்லை. சாம்பிளுக்கு இரண்டு உரிமைகள் வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமை, பாடலாக்கத்தின் உரிமை. 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞருக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அனுமதியின்றிச் சாம்பிள் வெளியிடும் துணிவு பெரும்பாலான நிறுவனங்களுக்கு இல்லை. உரிமையாளர் கேட்ட தொகை ஆல்பத்தின் மொத்தச் செலவையும் தாண்டியது.

ஆகவே லூப்பைக் கைவிட்டு, அதன் நடையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு, எங்கள் டிரம்மர் புதிதாக ஒரு தாளத்தை அமைத்தார். ஸ்னேரின் மேல் துணி போட்டு, ஒரே மைக்கில் பதிவு செய்தோம். பெரிய அடிகளுக்கு இடையே கேட்டும் கேட்காமலும் விழும் தொட்ட அடிகளில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார். அப்போது கிளைட் ஸ்டபில்ஃபீல்டைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜேம்ஸ் பிரவுனின் பாடல் ஒன்றில் அவர் வாசித்த சில நொடி டிரம்ஸ், 1970-இல் வெளியான அந்தப் பதிவிலிருந்து எத்தனையோ ஹிப்-ஹாப் பாடல்களுக்குள் போயிருக்கிறது. அவர் பெயர் பாடலாசிரியர் பட்டியலில் இல்லை. 2017-இல் இறக்கும்வரை அந்தச் சாம்பிள்களிலிருந்து அவருக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. உலகமே அவருடைய காலத்தில் ஆடியது; உரிமைப் பத்திரம் வேறு பெயரில் இருந்தது.

இதைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மிக்ஸிங் முடிந்து மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீராக்கத்துக்கு அனுப்பும் முன், பாடல்களின் பங்கீட்டுத் தாளை மேசைமேல் வைக்கச் சொன்னேன். வழக்கப்படி மெட்டுக்கும் சொல்லுக்கும் மட்டுமே பங்கு எழுதப்பட்டிருந்தது. தாளம் அமைத்தவர்களுக்குப் பதிவுக் கூலி மட்டும். ஒவ்வொரு பாடலுக்கும் காலம் யாருடையது என்று நாங்கள் முன்பே பேசி முடிவு செய்திருந்தோமே, அந்தப் பெயர் ஏன் தாளில் இல்லை என்று கேட்டேன். பாடகிதான் முதலில் பேனாவை எடுத்தார். தயாரிப்பாளர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். டிரம்மரும் பேஸ் கலைஞரும் தாங்கள் நடத்திய பாடல்கள் அனைத்திலும் இசையமைப்பாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள்; கிளிக் இல்லாமல் வாசித்த பாடலில் கிடார் கலைஞரின் பெயர் முதலில் வந்தது. வெளியீட்டு நிறுவனம் பழைய படிவத்தில் இதற்கு இடமில்லை என்றது. புதிய படிவம் வரும்வரை மாஸ்டர் கோப்புகளை நாங்கள் அனுப்பவில்லை.