ரோமில் ஜானஸைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ரோமானியரின் இரட்டை முகத் தெய்வமான ஜானஸ் என்றதும் எல்லோரும் பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். போர் நடந்தால் கதவு திறந்தும், அமைதி நிலவினால் மூடியும் இருந்த கோயில் அங்கேதான் இருந்தது. ஆனால் இன்று அதில் எதுவும் மிஞ்சவில்லை. மூடிய இரட்டைக் கதவோடு அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டுமானால் பேரரசன் நீரோ காலத்து நாணயங்களில்தான் பார்க்கலாம்.

சிர்கோ மாஸிமோ மெட்ரோவில் இறங்கி டைபர் ஆற்றை நோக்கி நடங்கள். ‘உண்மையின் வாய்’ என்ற கல்முகத்தின் வாய்க்குள் கையை நுழைத்துப் படம் எடுக்கக் கூட்டம் வரிசையில் நிற்கும் தேவாலயம் வரும். அதன் எதிர்ப்புறம், சற்று உள்ளே தள்ளி நிற்பதுதான் ஜானஸ் வளைவு. 4ஆம் நூற்றாண்டுக் கட்டடம், உயரம் சுமார் 16 மீட்டர், நான்கு பக்கமும் வாசல். சுவரில் அடுக்கடுக்காக மாடக்குழிகள். ஒவ்வொன்றின் மேல்வளைவும் சிப்பியின் உட்புறம் போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த வரிகள் துலக்கமாகத் தெரியும்.

இது ஜானஸுக்குக் கட்டிய கோயில் அல்ல. லத்தீனில் ‘இயானுஸ்’ என்றாலே வளைவு போட்ட நடைவழி. கதவுக்கு ‘இயானுவா’, வாயிற்காவலனுக்கு ‘இயானிடோர்’, ஆண்டின் வாசலான மாதத்துக்கு ‘இயானுவாரியுஸ்’, அதாவது நம் ஜனவரி. வேர், ‘போதல்’ என்ற பொருளுடைய பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல். மகாயானம் என்பதில் வரும் ‘யானம்’ அதன் உறவுக்காரன். பெயர் ‘போவது’ என்ற வினையிலிருந்து வந்தது என்று பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவும் எழுதியிருக்கிறார். ஆகவே கதவு அல்ல, கடந்து போவதே இந்தத் தெய்வத்தின் சாரம். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகங்களுக்கும் அதுதான் பொருத்தமான விளக்கம்.

நம்மவர்கள் பலர் இணையத்தில் ‘ஜானஸ்தான் கணேசன்’ என்று எழுதுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் இருவரையும் ஒப்பிட்டார். ரோமானியரின் எந்த வழிபாட்டிலும் முதல் அழைப்பு ஜானஸுக்குத்தான் என்பதால் அந்த ஒப்பீடு அழகானது. பெயர்களுக்குள் மட்டும் உறவில்லை. கணேசன் என்பது கணம், ஈசன் இரண்டும் சேர்ந்தது.

வளைவிலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் சான் நிக்கோலா இன் கார்செரே தேவாலயம். மூன்று பழைய கோயில்கள் மேல் எழுந்தது. மார்செல்லஸ் அரங்கத்தைப் பார்த்த சுவரில் புதைந்து நிற்கும் தூண்கள் ஜானஸ் கோயிலுடையவை என்பது பொதுவான கருத்து. கி.மு. 260இல் மைலே கடற்போரை வென்ற ரோமானியத் தளபதி துய்லியுஸ் கட்டிய கோயில் அது. உள்ளே போகாமல் முதலில் வெளியே அந்தப் பக்கம் சுற்றி வாருங்கள்.